பெரிய ஆறுமுகத்தின் கிளினிக் கொப்பி

ஒரு பெரியவர் தன்னுடைய கிளினிக் கொப்பியைத் திருப்பிக் கேட்டால் அவருக்கு என்ன பதில் சொல்ல வேண்டும்? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் விடை தெரியாது. "கேட்டா குடுக்கிறதுதானே, இதுல யோசிக்க என்ன இருக்கு" என்பார் என் கணவர். அவர் நூலகத்தில் வேலை செய்கிறார். கொடுப்பதும் திருப்பி வாங்குவதும் அவருக்கு ஒரு முத்திரையோடு முடிந்துவிடுகிற காரியம். எனக்கு அப்படி முடியவில்லை.

நான் ஓய்வு பெற்றவள். முப்பத்தொரு வயதில் ஓய்வு பெற்றேன். ஓய்வு என்ற சொல்லை வீட்டில் சத்தமாகச் சொல்வதில்லை, சொன்னால் மகள் விழித்துக்கொள்வாள். அதற்கு முன் ஏழு வருடம், கண்டிக்குப் பக்கத்தில் ஒரு திடீர் மரண விசாரணை அதிகாரியிடம் எழுத்து வேலை பார்த்தேன். அவரைச் சேர் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். அரசாங்கம் சேரை நியமித்தது. சேர் என்னை நியமித்தார். என் பெயர் எந்தப் பட்டியலிலும் இருந்ததில்லை, ஆகையால் பிரியாவிடையும் கிடையாது. மகள் பிறந்தாள், நான் போகவில்லை, அவ்வளவுதான்.

என் இடத்துக்கு வந்த ரிஸ்னா வாரம் ஒரு முறை போன் செய்து ஏதாவது கேட்பாள். "அக்கா, ஒரு ஆள் தூக்கத்துல போனா, 'கடைசியாக என்ன செய்துகொண்டிருந்தார்' எண்ட இடத்துல என்ன எழுதுற? தூங்கினார் எண்டா?" போன மாதம் அவளே சொன்னாள், "நீங்க இதெல்லாம் ஒரு பேப்பர்ல எழுதிப் போட்டா எனக்கு லேசு." எழுதலாம் என்று உட்கார்ந்தேன். அவளுக்கு உதவும் என்று தொடங்கியது வேறு எங்கோ போய் முடிகிறது. மன்னிக்கவும்.

வேலை இதுதான். ஒருவர் திடீரென்று இறந்துபோகிறார், காரணத்தைச் சொல்ல வைத்தியர் இல்லை. கிராம சேவகரோ பொலிசோ சேருக்கு அறிவிப்பார்கள். சேர் போய் உடலைப் பார்ப்பார். இரண்டு பேர் அடையாளம் காட்ட வேண்டும். பிறகு வாக்குமூலம். என்ன நோய் வருத்தம் இருந்தது, கடைசியாக என்ன சாப்பிட்டார், யாரோடாவது பகை உண்டா, இந்த மரணத்தில் சந்தேகம் உண்டா. நோய்க்கு வைத்தியம் பார்த்த அத்தாட்சி இருந்து, சேருக்கும் திருப்தி என்றால், இயற்கை மரணம் என்று எழுதி உடலைக் கொடுத்துவிடலாம். திருப்தி இல்லை என்றால் பிரேத பரிசோதனை. சனங்கள் அதைப் பிரேத பரிசோதனை என்று சொல்வதில்லை. வெட்டுவது என்பார்கள். எங்கள் விசாரணைகளில் பாதி, மரணத்தைப் பற்றியது அல்ல. வெட்டுவார்களா மாட்டார்களா என்பதைப் பற்றியது.

சேர் மடவளையைச் சேர்ந்தவர், பள்ளிக்கூட அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். மரண வீட்டுக்குள் நுழையும்போது வகுப்பறைக்குள் நுழைவதுபோலத்தான் நுழைவார். எல்லாரும் எழும்பி நிற்பார்கள், படுத்திருப்பவரைத் தவிர. வாயில் எப்போதும் ஒரு கராம்பு இருக்கும். பிணம், பிரேதம் என்ற சொற்கள் அவர் வாயில் வராது. "அவர எங்க படுக்க வச்சீக்கி?" என்றுதான் கேட்பார். அழுகிறவர்களிடம் முதலில், "சாப்பிட்டீங்களா?" என்பார். சாப்பிடவில்லை என்றால் விசாரணை தொடங்காது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், பதற்றத்தில் தேத்தண்ணியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். "குடிங்க மகள். அவர் எங்கயும் போகமாட்டார். தேத்தண்ணி ஆறிப்போகும்" என்றார். என் பயிற்சிக் காலம் ஏறக்குறைய அந்த வாக்கியம்தான்.

உடலைப் பார்ப்பதற்கு அவருக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. முதலில் உள்ளங்கால், பிறகு கை, நகம், கடைசியில்தான் முகம். "மொகம் எல்லாருக்கும் ஒண்டுதான் செல்லும். கையும் காலும்தான் வேற வேற கத செல்லும்." பார்ப்பதற்கு முன் மூக்குக் கண்ணாடியை ஒரு தரம் துடைப்பார், பார்த்த பிறகு ஒரு தரம் துடைப்பார். இரண்டாவது முறை அதிக நேரம் துடைத்தால் எனக்கு வீட்டுக்குப் போகத் தாமதமாகும் என்று அர்த்தம்.

நான் கடமை தவறாதவள். இது பெருமை அல்ல, ஒரு வகை வருத்தம். படிவத்தில் உள்ள எல்லாக் கேள்வியையும் எல்லாரிடமும் கேட்பேன். ஒருமுறை கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒருவரின் தலையில் பலாப்பழம் விழுந்து இறந்துபோனார். பழம் பக்கத்திலேயே வெடித்துக் கிடந்தது. பொலிஸ் சார்ஜனுக்கே சந்தேகம் இல்லை. நான் விடவில்லை. "இறந்தவருக்கு யாரோடாவது பகை இருந்ததா?" என்று மனைவியிடம் கேட்டேன். அந்த அம்மா மூக்கைச் சிந்திவிட்டு, "அந்த மரத்தோடதான் மிஸ். பக்கத்து வீட்டுக்காரங்க மரம். வெட்டச் சொல்லி மூணு வருசமா சண்ட" என்றார். நான் அப்படியே எழுதினேன். மரத்தோடு பகை இருந்தது. சேர் வாசித்துவிட்டு, கராம்பை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். "அந்த வரிய வெட்டட்டா சேர்?" என்று கேட்டேன். "ஏன் வெட்டுற? உண்மதானே. மரத்துட வாக்குமூலம்தான் எடுக்க ஏலாது" என்றார்.

இப்போது இந்தப் பழக்கமெல்லாம் வீட்டில் நடக்கிறது. மகள் தூங்கினால் அவள் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பேன். மாமியார் பார்த்துக்கொண்ட நாளில் வீட்டுக்கு வந்ததும், கடைசியாக என்ன சாப்பிட்டாள், எத்தனை மணிக்கு, யார் ஊட்டினது என்று கேட்பேன். மாமியார் ஒரு நாள் என் கணவரிடம், "ஒம் பொஞ்சாதி என்கிட்ட கையெழுத்து வாங்காததுதான் பாக்கி" என்று சொல்லியிருக்கிறார்.

இனி ஆறுமுகம்.

நாவலப்பிட்டிப் பக்கத்து அதிகாரி விடுமுறையில் இருந்ததால் அந்தப் பகுதியைச் சேர் பதில் கடமையாகப் பார்த்தார். ஒரு வெள்ளிக்கிழமை காலை, நகரத்துக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து அறிவித்தல் வந்தது. என் அம்மா வீடும் நாவலப்பிட்டியில்தான். அந்தத் தோட்டத்து ஆட்களோடு ஒரே பஸ்ஸில் போய்ப் படித்தவள் நான். எனக்கு அப்போது வயிற்றில் ஏழு மாதம். போகவேண்டாம் என்று அம்மா போனில் சொன்னாள். கடமை என்றேன்.

இறந்தவருக்கு முப்பத்தெட்டு வயது, பெயர் ஆறுமுகம். விடியற்காலையில் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் உள்ள தன் மரக்கறித் தோட்டத்தில் விழுந்து கிடந்தார் என்று சொன்னார்கள். வீட்டின் ஒரே அறையான காம்பராவுக்குள் பாயில் படுக்க வைத்திருந்தார்கள். தலைமாட்டில் விளக்கு, நெற்றியில் நாணயம். கால் பெருவிரல்களையும் கைக் கட்டைவிரல்களையும் வெள்ளைத் துணியால் கட்டி, கைக்கு மேல் மஞ்சள் பூசியிருந்தார்கள். சேர் உள்ளங்காலைப் பார்த்தார். பளிச்சென்று இருந்தது.

"கழுவிட்டீங்களா?"

தோட்டத் தலைவர் முன்னுக்கு வந்தார். "மண்ணா இருந்துச்சுங்க சேர். அப்பிடியே படுக்க வைக்க மனசு வரல."

"மனசு வராட்டியும் வச்சீக்கணும். சட்டம்."

"தெரியாம செஞ்சிட்டோங்க."

சேர் கையில் பூசிய மஞ்சளைப் பார்த்தார், கட்டை அவிழ்க்கச் சொல்லவில்லை. கண்ணாடியைத் துடைத்தார். அடையாளம் காட்ட ஆள் கேட்டார். மனைவி செல்வி முதலில் காட்டினாள். இருபத்தைந்து இருபத்தாறு வயது இருக்கும், இடுப்பில் ஒரு பிள்ளை. இரண்டாவதாக ஒரு பெரியவர் வந்து நின்றார், மெலிந்த உடம்பு, கம்பளித் தொப்பி.

"பேரு?" என்றார் சேர்.

"ஆறுமுகங்க."

"மவுத்தானவரட பேரக் கேக்கல்ல. ஒங்கட பேரு."

"எம் பேரும் அதாங்க. இந்தத் தோட்டத்துல ஏழு ஆறுமுகம் இருக்கோம்." பாயைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "ஆறு" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கொப்பிக்குள் குனிந்தேன். இவரைப் பெரிய ஆறுமுகம் என்று அழைப்பார்களாம். நானும் அப்படியே எழுதுகிறேன்.

வருத்தம் என்ன என்று கேட்டதும் தலைவர் ஒரு கிளினிக் கொப்பியைக் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் மருந்து எழுதித் தருவது, பொலித்தீன் உறை போட்டது. ஆறுமுகம் என்று அட்டையில் பெயர் இருந்தது. முதல் பக்கம் இல்லை. "மழையில நனைஞ்சு கிழிஞ்சிருச்சுங்க. நாலஞ்சு வருசமா நெஞ்சு வருத்தத்துக்குக் கிளினிக் போறவருங்க." கதவோரத்தில் நின்ற செல்வியின் அண்ணன் ராஜா, அழுது வீங்கிய கண்ணோடு, ஆமாம் என்று தலையசைத்தார். சேர் பக்கங்களைப் புரட்டினார். மருந்துகளின் பெயரைப் பார்த்தார். "நெஞ்சு வருத்தம்தான்" என்றார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்கு நேரமாகிவிட்டது.

"மகள், நீங்க வாக்குமூலத்த எழுதி வைங்க. நான் டவுன் பள்ளியில தொழுதுட்டு வந்து, வாசிச்சுக் காட்டி, கையொப்பம் போட்டு முடிப்பம். அவர வெட்டத் தேவல்ல."

காம்பராவுக்குள் ஒரு மூச்சு வெளியே போனது. எல்லாருடைய மூச்சும் சேர்ந்து. சேர் முச்சக்கரவண்டியில் இறங்கிப் போனார். எங்களோடு வந்த நாவலப்பிட்டி சார்ஜன் தோட்டத்து ஒபிசுக்குத் தேத்தண்ணி குடிக்கப் போனார்.

என்னை உள்ளே இருக்க விடவில்லை. "புள்ளத்தாச்சிப் பொண்ணு எழவு வீட்டுல ஒக்காந்து எழுதுறதாவது" என்று ஒரு பெண் என் கையைப் பிடித்து, நாலு காம்பரா தள்ளி ஒரு இஸ்தோப்புத் திண்ணையில் கதிரை போட்டு உட்கார வைத்தாள். அங்கே சமைத்த சோறு வந்தது. நான் வேண்டாம் என்றேன், அவள் கேட்கவில்லை. செல்வி வாக்குமூலம் கொடுக்க அங்கேயே வந்தாள். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, "இந்த மரணத்தில் எனக்கு எவ்வித சந்தேகமும் இல்லை" என்ற வரியை நான் எழுதுவதைப் பார்த்தாள்.

"எத்தன மாசம் அக்கா?"

"ஏழு."

"எனக்கு ஏழுல கால் வீங்குச்சு. அவுரு சுடுதண்ணி வச்சுக் குடுப்பாரு." பிள்ளையை நேராக உட்கார வைத்தாள். "வெட்டாம குடுத்துருவாங்கதானே அக்கா?"

"சேர் சொல்லிட்டாருதானே" என்றேன்.

அவள் போன பிறகு பெரிய ஆறுமுகம் வந்தார். கொப்பி என் மடியில் கிடந்தது.

"மகளே, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க ஐயா."

"அந்தக் கொப்பிய சேர் கொண்டுபோயிருவாரா?"

"ஓமய்யா, பைலோட போகணும்."

"எப்ப திருப்பிக் குடுப்பாங்க? புதன்கெழம எனக்குக் கிளினிக் இருக்கு. கொப்பி இல்லாட்டி அந்த நர்சம்மா வரிசையிலயே நிக்க விடாது."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கு விளங்கியது. தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டார். "மாத்திரையும் முடிஞ்சிருச்சு" என்றார் மெதுவாக.

"புதனுக்குள்ள கெடைக்கும் ஐயா" என்றேன்.

யோசிக்காமல் நான் கொடுத்த ஒரே பதில் அதுதான். அவர் போய்விட்டார். நான் கொப்பியைத் திறந்தேன். நடுவில் ஒட்டியிருந்த இருதயப் பரிசோதனைத் துண்டில் வயது அறுபத்து நான்கு என்று இருந்தது. இன்னொரு பக்கத்தில் கண்ணில் வெள்ளை படர்ந்ததற்குச் சத்திரசிகிச்சைக்குத் திகதி கொடுத்திருந்தார்கள். முதல் பக்கத்தைக் கிழித்தவர்கள் மிச்சத்தை வாசிக்கவில்லை. சேரும் வாசிக்கவில்லை, அவருக்கு நேரமில்லை.

ஜும்ஆ முடிந்து சேர் வர ஒன்றேகால் மணித்தியாலம் எடுத்தது. அவ்வளவு நேரமும் நான் அந்த இஸ்தோப்பில் ஒரு தட்டுச் சோற்றோடு உட்கார்ந்திருந்தேன். சொன்னால் வெட்டுவார்கள். செல்வியின் புருஷன் கண்டிக்குப் போய், தைத்துக் கட்டி, நாளைக்கோ நாளை மறுநாளோ வருவார். பொய் அத்தாட்சி கொடுத்தார்கள் என்று தலைவரையும் பெரிய ஆறுமுகத்தையும் இழுப்பார்கள். சொல்லாவிட்டால் ஒரு முப்பத்தெட்டு வயது மனிதர் ஏன் விழுந்தார் என்று உலகத்தில் யாருக்கும் தெரியாமல் போகும், அந்தக் கடதாசியில் என் கையெழுத்து இருக்கும். ஏதோ ஒன்று மறைக்கப்படுகிறது, அது அந்த மரக்கறித் தோட்டத்தில் இன்னும் இருக்கலாம், அங்கே பிள்ளைகள் விளையாடுவார்கள் என்று நான் யோசித்ததாகப் பலமுறை என் கணவரிடம் சொல்லியிருக்கிறேன். உண்மையைச் சொன்னால், பிள்ளைகளை நான் பிறகுதான் சேர்த்துக்கொண்டேன். அன்றைக்கு யோசித்தது என் கையெழுத்தைத்தான்.

சேர் நேரே இஸ்தோப்புக்கு வந்தார். வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினேன். அவர் பேனாவைத் திறந்தார். கொப்பியை அந்தப் பக்கத்தில் திறந்து, அவர் முன்னால் வைத்து, என் பேனா முனையால் வயதைத் தொட்டுக் காட்டினேன். காட்டிக் கொடுத்தது கொப்பிதான், நான் இல்லை என்று வைத்துக்கொள்ள அது எனக்கு வசதியாக இருந்தது.

சேர் பேனாவை மூடினார். என்னையும் கூட்டிக்கொண்டு காம்பராவுக்குப் போய், தலைவரைக் கூப்பிட்டார். சத்தம் போடவில்லை.

"இவருக்கு வயசு முப்பத்தெட்டு. கொப்பிக்கு வயசு அறுபத்தி நாலு. இதுல மவுத்தாப் போனது ஆரு?"

தலைவர் பாயைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். பெரிய ஆறுமுகம் தன் காலைப் பார்த்தார்.

"கைக் கட்ட அவிழுங்க" என்றார் சேர்.

வலது கையின் இரண்டு விரல்களில், மஞ்சளைத் துடைத்ததும், சாம்பல் நிறத்தில் ஒரு சின்னக் குழி. கறுத்த விளிம்பு. சேர் கண்ணாடியை மிக அதிக நேரம் துடைத்தார். கதவோரத்தில் நின்ற ராஜா அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார்.

காட்டுப்பன்றிக்கு ராஜா இழுத்த கரண்ட் கம்பி. இரவில் வீட்டிலிருந்து மின்சாரம் கொடுத்து, விடியும் முன் அவர் கழற்ற வேண்டும். அன்றைக்குத் தூங்கிவிட்டார். மச்சான் ஆறுமுகம் கோவாச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போனார். செல்விக்கு எல்லாம் தெரியும். ஒருவர் போய்விட்டார், மற்றவரையும் கொடுக்க முடியாது என்று நினைத்திருப்பாள். இது என் ஊகம். அவள் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை.

உடலை ஏற்ற வாகனம் வந்தபோது செல்வி அழவில்லை. என்னிடம் வந்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். வாளியில் இருந்த மஞ்சள் தண்ணீரைக் காட்டி, "கை கால் கழுவிட்டுப் போங்க அக்கா, புள்ளத்தாச்சி" என்றாள். கொப்பியைத் திறந்து காட்டியது நான் என்று அவளுக்குத் தெரியாது. சேர் கண்டுபிடித்தார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். கழுவினேன்.

பிரேத பரிசோதனை மின்சாரம் தாக்கியதென்று சொன்னது. உடலை எரிக்கக் கூடாது, புதைக்கத்தான் வேண்டும் என்ற கட்டளையோடு கொடுத்தார்கள். ராஜாவை விளக்கமறியலில் வைத்தார்கள். பல மாதம் கழித்துப் பிணையில் வந்தார். வழக்கு இன்னும் நடக்கிறது. அந்தப் பக்கத்துக் கம்பிகளையெல்லாம் கழற்றிவிட்டார்கள் என்று சார்ஜன் பிறகு சொன்னார். பன்றிகளுக்கு மிகவும் திருப்தி என்றும் சொன்னார்.

கொப்பி விஷயத்தில் சேர் ஒரு காரியம் செய்தார். அறிக்கையில், "பெயர் ஒற்றுமையால் வேறொருவரின் கிளினிக் கொப்பி தவறுதலாகச் சமர்ப்பிக்கப்பட்டது" என்று எழுதினார். நான் பேனாவை நிறுத்தி அவரைப் பார்த்தேன்.

"சேர், முதல் பக்கத்தக் கிழிச்சிருக்காங்களே."

"மழையில நனைஞ்சது எண்டு அவங்கதானே செல்றாங்க. மழ பெய்யாத ஊரா அது? எழுதுங்க."

அதனால் தலைவருக்கும் பெரிய ஆறுமுகத்துக்கும் ஒன்றும் வரவில்லை. எனக்கு மனம் லேசானது. ஆனால் நான் கடமை தவறாதவள் அல்லவா. புதன்கிழமை என்று வாக்குக் கொடுத்திருந்தேன். செவ்வாய்க்கிழமை கொப்பியின் எல்லாப் பக்கத்தையும் போட்டோக் கொப்பி எடுத்து, சேரிடம் உறுதிப்படுத்தி வாங்கி பைலில் வைத்துவிட்டு, அசலை எடுத்துக்கொண்டு நாவலப்பிட்டிக்குப் போய் சார்ஜனிடம் கெஞ்சினேன். "அந்தப் பெரியவருக்கு இன்னைக்கே கிடைக்கணும், பிளீஸ்." சார்ஜன் நல்ல மனிதர். பொலிஸ் ஜீப்பிலேயே லயத்துக்குப் போனார். எல்லாரும் வேலை முடிந்து வந்திருந்த நேரம். ஜீப்பை முற்றத்தில் நிறுத்தி, பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டு, கொப்பியை இரண்டு கையாலும் கொடுத்து, மரியாதைக்கு ஒரு சலாமும் போட்டிருக்கிறார். எனக்குப் போன் செய்து, "மிஸ், ஹரி, சரி, வேலை முடிஞ்சுது" என்றார். எனக்கு அன்று இரவு நல்ல தூக்கம்.

இது நடந்து மூன்று வருடத்துக்கு மேலாகிறது. போன மாதம் அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது மகளுக்கு இருமல். நாவலப்பிட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். சும்மா இருமல்தான், அம்மாவும் சொன்னாள், எனக்குத்தான் பொறுக்கவில்லை. காத்திருக்கும் வாங்கில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கம்பளித் தொப்பியைக் கழற்றினார்.

"மகளே, என்னத் தெரியுதா? புள்ள பொறந்துருச்சா. பொம்பளப் புள்ளயா." மகளின் காலை ஒரு விரலால் தொட்டார். "ஒங்களுக்கு ஒரு நன்றி சொல்லணும்னு இருந்தேன். சொன்ன மாதிரியே புதனுக்கு முன்னுக்குக் கொப்பி வந்துருச்சு."

சுகமா என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது.

"சொகந்தான். லயத்துலதான் யாரும் பேசுறதில்ல."

"ஏன் ஐயா?"

"நாந்தான் காட்டிக் குடுத்தேனாம். அன்னைக்கி பொலிஸ் ஜீப்பு வந்து கொப்பியக் குடுத்துட்டு சலாம் போட்டுச்சில்ல. சாட்சி சொன்னதுக்குத்தான் சலாம்னு சொல்றாங்க. கேஸ்லயும் எனக்கு ஒண்ணும் வரல. அதையும் சொல்றாங்க." சிரித்தார். "நான் என்னத்தக் காட்டிக் குடுத்தேன், கொப்பியத்தான் குடுத்தேன். கோயில் தீர்த்தக் கொடத்துக்கும் கூப்பிடுறதில்ல, சாவுக்கும் கூப்பிடுறதில்ல. ஏழு ஆறுமுகத்துல ஒருத்தர் செத்தாரு. எண்ணிப் பாத்தா அஞ்சுதான் இருக்கு."

செல்வி பேசுகிறாளா என்று கேட்டேன்.

"அது பாத்தா மொகத்தத் திருப்பிக்கும். அத நான் தப்பு சொல்லமாட்டேன். புருசனும் போயி, அண்ணனும் கோட்டுக்கு அலையிறான். யாரு மேலயாவது கோவப்படணும்ல."

மகள் அவருடைய பையைப் பிடித்து இழுத்தாள். அவர் உள்ளே இருந்த கொப்பியை எடுத்துக் காட்டினார். புதுப் பொலித்தீன் உறை. "இனி ஒருத்தனுக்கும் குடுக்கமாட்டேன்" என்றார் மகளிடம். அவருடைய இலக்கத்தைக் கூப்பிட்டார்கள், எழும்பிப் போனார். நான் மகளின் மூக்கைத் துடைத்துவிட்டேன். மகளுக்கு இருமல் சிரப் கொடுத்தார்கள்.

அன்றிலிருந்து எல்லாரிடமும் கேட்டுவிட்டேன். விட்டுவிடு, பழசு என்கிறார் கணவர். ரிஸ்னா, "அக்கா, நீங்க போய் செல்லப்போனா அந்தப் பெரியவர விட்டுட்டு ஒங்கள்ல பிடிப்பாங்க, ஒங்கட உம்மாவும் அந்த ஊர்லதான் ஈக்கிறாங்க" என்கிறாள். அது எனக்கும் தெரியும். அம்மாவுக்குக் காலையில் பால் கொண்டுவருவதே அந்தத் தோட்டத்து ஆள்தான். இன்னொன்றும் இருக்கிறது, எழுத வெட்கமாக இருக்கிறது. தாலி அறுத்தவளின் சாபம் என் மகள்மேல் விழுமோ என்று பயம். ஏழு வருடம் இத்தனை மரணங்களுக்குக் காரணம் எழுதினேன், சாபம் என்று ஒன்றையும் எழுதியதில்லை. இருந்தும் பயம்.

கடைசியாகச் சேரிடம் கேட்டேன். கராம்பை மென்றுகொண்டு கேட்டார். ஜீப்பு விஷயத்தைச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றினார், துடைக்காமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். "செல்றண்டா லயத்துக்குப் போய், எல்லாருக்கும் முன்னால செல்லணும் மகள். ஆஸ்பத்திரி வாங்குல அவருக்கு மட்டும் செல்றது வாக்குமூலமில்ல, ஒங்கட மனசுக்கு மருந்து." பிறகு, "அந்தப் பக்கத்த நானே பாத்தீக்கணும். ஜும்ஆவுக்கு ஓடினது நான்தானே" என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

ஆகவே இதை வாசிக்கிறவர்களிடம் கேட்கிறேன். நான் அந்த லயத்துக்குப் போய், காட்டியது நான்தான் என்று சொல்ல வேண்டுமா? சொன்னால் செல்வியிடம் முதலில் சொல்வதா, பெரியவரிடம் முதலில் சொல்வதா? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனால் அவளைக் கேடயமாகப் பிடித்ததுபோல ஆகுமா? விட்டுவிட்டுப் போனால் யாரிடம் விடுவது? உங்களில் யாராவது அப்படிப்பட்ட லயத்தில் வளர்ந்தவர்களாக இருந்தால், வந்து சொல்கிறவளை என்ன செய்வீர்கள் என்பதையும் தயங்காமல் எழுதுங்கள்.

கொஞ்சம் சீக்கிரம் எழுதினால் நல்லது. அவர் காட்டிய கொப்பியில் பார்த்தேன், அவருக்கு அடுத்த கிளினிக் வருகிற மாதம் இரண்டாவது புதன்கிழமை. இருமலுக்குப் போன அன்று, என் மகளுக்கு மூன்று வயதுத் தடுப்பூசியும் அதே ஆஸ்பத்திரியில், அதே நாளில் போடக் கொடுத்திருக்கிறார்கள். ஊசிக்கு வேறு நாள் கேட்டு வாங்கலாம் என்கிறார் கணவர். அப்படிச் செய்யலாமா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.